இரும்பில் ஓடும் தேக்கு ரேகை

1930களின் பின்பாதியில் வந்த ஷெவர்லே, பியூக் கார்களுக்குள் உட்கார்ந்து பார்த்தால் டாஷ்போர்டு முழுக்க வால்நட் மரம் போலத் தெரியும். ஜன்னல் கண்ணாடியைச் சுற்றி வரும் சட்டமும் அப்படித்தான்: பழுப்பு நிறம், அதன்மேல் கருத்த ரேகைகள், எல்லாவற்றுக்கும் மேலே வார்னிஷ் மினுமினுப்பு. விரல் முட்டியால் தட்டினால் தகரச் சத்தம் கேட்கும். அச்சில் அழுத்தி வளைத்த இரும்புத் தகட்டின்மேல் மரத்தை எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கார்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. ஃபோர்டு நிறுவனம் 1926-லும் ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லும் இந்தியாவில் கால் வைத்து, உதிரிகளாக வந்த வண்டிகளை இங்கேயே பூட்டி விற்றன. காவிரிப் பாசனத்தில் நெல் விளைத்த மிராசுதார் வீடுகளுக்கும் அவை வந்தன. இன்று அப்படியொரு வண்டியைச் சரிசெய்ய நினைக்கிறவர் எஞ்சினைப் பிரிக்கிறார், டிங்கரிங் பார்க்கிறார், பம்பருக்கு குரோம் ஏற்றுகிறார். டாஷ்போர்டுக்கு வரும்போது மட்டும் கை தளர்ந்துவிடுகிறது. பழுப்பு எனாமல் ஒரு கை அடித்து விடுகிறார், அல்லது மர ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார். வண்டிக்குள் உட்கார்பவர் கண் முதலில் விழும் இடம் அதுதான். அங்கே ஒரு மரம் எப்படி ரேகை போடுகிறது என்று தெரியாமல் செய்த வேலை பத்தடி தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

இரும்பின்மேல் மரத்தை எழுத வேண்டிய தேவை ஏன் வந்தது? மோட்டார் காரின் உடலைக் கட்டத் தொடங்கியவர்கள் குதிரை வண்டி கட்டியவர்கள். சென்னையில் 1840-ல் தொடங்கிய சிம்சன் நிறுவனமும் கோச்சு வண்டி கட்டிய நிறுவனம்தான். மரச் சட்டம் போட்டு, அதன்மேல் தகடு அடித்துத்தான் ஆரம்பகாலக் கார்கள் உருவாயின. உள்ளே மரம் தெரிவது இயல்பாக இருந்தது. பிறகு பெரிய அழுத்து இயந்திரங்கள் வந்தன. 1935-ஆம் ஆண்டு மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் கூரையையே ஒரே இரும்புத் தகடாக இழுத்துப் போட்டது. மரம் போய்விட்டது, மரத்தைப் பார்த்துப் பழகிய கண் போகவில்லை. வாங்குகிறவருக்கு வெற்று இரும்பு மலிவாகத் தெரிந்தது. அதனால் இரும்புக்கு மரத்தின் முகம் தேவைப்பட்டது.

அந்த முகத்தைத் திரும்ப எழுத வேண்டுமானால் மரத்திடமே போக வேண்டும். தஞ்சாவூரைச் சுற்றி அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1934-ல் மேட்டூர் அணையோடு பயன்பாட்டுக்கு வந்த கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கத்தில் புது ஆறு என்போம். அதன் கரையிலும் மற்ற கால்வாய்க் கரைகளிலும் வனத்துறை தேக்கு வளர்த்திருக்கிறது. மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது பாசன மரபு. தண்ணீர் நின்றபின் வரும் வறண்ட மாதங்களில் தேக்கு இலைகளைக் கொட்டிவிட்டு வளர்ச்சியை நிறுத்துகிறது. மறுபடி ஈரம் கண்டு துளிர்க்கும்போது, புதிய இலைகளுக்கு அவசரமாகத் தண்ணீர் ஏற்ற அகலமான குழாய்களை வரிசையாகக் கட்டுகிறது. அவற்றில் பெரியவை கால் மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். கூர்ந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே துளைகளாகத் தெரியும். அந்தப் பருவம் தணிந்தபின் குழாய்கள் சிறுத்து, இடையே கெட்டியான நார் அடர்கிறது. தளர்ந்த வரிசை, கெட்டி வரிசை என்று ஆண்டுக்கு ஒன்றாக வளையம் விழுகிறது. நாம் ரேகை என்று சொல்வது இந்த வளையங்கள் பலகையின் முகத்தில் வெட்டுப்படும் இடம்தான்.

அடிமரத்தை வாளால் குறுக்கே அறுத்தால் வளையம் வட்டமாகத் தெரியும். நடுவழியே, மையம் தொட்டு நெடுக்காக அறுத்தால் நேர்கோடுகளாகத் தெரியும். மையத்தை விட்டு விலகி நெடுக்காக அறுத்தால்தான், தேக்குக் கதவில் நாம் ரசிக்கும் கோபுர வளைவுகள், ஒன்றுக்குள் ஒன்றாக, கிடைக்கும். காரணம் எளிது. மரம் அடியில் பருத்து மேலே சிறுத்துப் போகிறது. ஒவ்வோர் ஆண்டு வளையமும் உண்மையில் ஒரு நெட்டைக் கூம்பு. ஒரு கூம்பை அதன் அச்சுக்கு இணையாக, மையம் தொடாமல் வெட்டினால் விழும் வளைகோட்டுக்குப் பள்ளிக் கணக்கில் அதிபரவளையம் என்று பெயர். தச்சர் பட்டறையில் இழைப்புளி ஓடும் பலகையில் கிடப்பது அதுதான்.

இதில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மரத்தின் ஆரம் ஒரு மீட்டர் உயரத்துக்கு 5 மில்லிமீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். வளையத்தின் தடிமன் 3 மில்லிமீட்டர். அப்படியானால் ஒரு வளைவின் முனைக்கும் அடுத்த வளைவின் முனைக்கும் இடையே 60 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அடிமரம் சற்று வளைந்திருந்தாலோ கணு இருந்தாலோ முனைகள் நெருங்கிவரும். ஆனால் ஒழுங்கான மரத்தில், முப்பது சென்டிமீட்டர் அகலக் குளோவ் பாக்ஸ் மூடியில் ஒரு முனை வந்தாலே பெரிது. புதிதாகக் கை வைப்பவர்கள் அந்த மூடிக்குள் ஐந்தாறு கோபுரங்களை நெருக்கி எழுதிவிடுகிறார்கள். பார்த்தவுடன் ஏதோ பிசகு என்று தோன்றுவது இதனால்தான். நேர்கோடுகளை அதிகமாகவும் வளைவைக் குறைவாகவும் எழுதியவர் கை நம்பும்படி இருக்கும்.

எல்லா மரமும் இப்படி எழுதுவதில்லை. தஞ்சாவூர் வீணைக்குப் பலாதான் மரம். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருவது பேர்போனது. பலாவில் குழாய்கள் பருவ பேதமின்றி எங்கும் பரவிக் கிடக்கும், வளையக் கோடு தெளிவாக விழாது. அதன் அழகு நிறத்தில் இருக்கிறது. அறுத்த புதிதில் மஞ்சள். காற்றும் வெளிச்சமும் படப்பட ஆண்டுக்கணக்கில் செம்பழுப்பாக முதிரும். மோரின் போன்ற மஞ்சள் சாயப் பொருள்கள் அதன் வைரத்தில் இருப்பதால்தான் பௌத்தத் துறவிகளின் ஆடைக்குச் சாயமேற்றப் பலாச் சீவல் பயன்பட்டது. ஒரே கட்டையில் குடைந்த ஏகாந்த வீணையின் குடத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால், நார் ஓட்டம் இடம் வலமாக மாறி மாறிப் பின்னியிருப்பது பட்டைப் பட்டையாகத் தெரியும். பனையிலோ வளையமே கிடையாது. அது புல்லின் உறவு. கருப்பு நார்க்கட்டுகள் குறுக்கு வெட்டில் புள்ளியாகவும் நெடுக்கு வெட்டில் கோடாகவும் வரும். பனஞ்சாத்துப் போட்ட கூரைக்குக் கீழே அண்ணாந்து படுத்து வளர்ந்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்த மரத்தை எழுதப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்யாமல் பிரஷ்ஷை எடுக்கக் கூடாது என்பதற்காக இவ்வளவும் சொல்கிறேன்.

அடுத்தது வெளிச்சத்தின் வேலை. இழைத்த பலகை வெளுத்துக் கிடக்கும். எண்ணெயோ அரக்குப் பாலிஷோ தொட்டவுடன் நிறம் ஆழ்ந்து, ரேகை எழுந்து வரும். வெடித்துக் கிடந்த வயலில் முதல் தண்ணீர் பாய்ந்ததும் மண் கருப்பது போலத்தான் இதுவும், இரண்டுக்கும் இயற்பியல் ஒன்றே. உலர்ந்த பரப்பில் நாருக்கும் நாருக்கும் நடுவே காற்று இருக்கிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1. மரத்தின் செல்லுலோசுக்கு ஏறக்குறைய 1.53. இவ்வளவு வித்தியாசம் உள்ள எல்லையில் ஒளி சிதறி வெள்ளையாகத் திரும்புகிறது. அரக்கு, எண்ணெய், வார்னிஷ் எல்லாம் 1.5-ஐ ஒட்டியவை. அவை காற்றை வெளியேற்றி அந்த இடத்தில் உட்கார்ந்ததும் எல்லை மங்கிப்போய் ஒளி உள்ளே இறங்குகிறது, நிறத்தை எடுத்துக்கொண்டு திரும்புகிறது. நல்ல மரத்தில் நாம் ஆழம் என்று உணர்வது இது.

ஆகவே ஒரே கோட்டிங் பழுப்புப் பெயிண்டில் மரம் வராது. வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வர ஒரு பாதை வேண்டும். அதற்குத்தான் இரண்டு அடுக்கு. கீழே, ஒளியைத் திருப்பி அனுப்பும் வெளிர்நிற அடிக்கோட்டிங். மேலே, கண்ணாடி போல ஊடுருவவிடும் கருநிறக் கிளேஸ். வெளிச்சம் கிளேஸைத் தாண்டி, அடியில் பட்டு, மறுபடி கிளேஸைத் தாண்டி வெளியே வருகிறது. கிளேஸ் மெல்லிதாக உள்ள இடம் பொன்னிறமாகவும் தடித்த இடம் கருப்பாகவும் தெரியும். மரத்தில் நார் செய்வதை இங்கே தடிமன் செய்கிறது. ஐரோப்பாவில் கதவுகளுக்கும் தூண்களுக்கும் இந்த வேலை செய்தவர்கள் அம்பர், சியன்னா என்னும் மண் நிறங்களைப் பயன்படுத்தினார்கள். இரும்பு ஆக்சைடும் அம்பரில் கூடவே மாங்கனீசு ஆக்சைடும் கலந்த மண் அவை. தண்ணீரில் கரைத்து எழுதும்போது நிறம் பிடிக்கப் புளித்த பீரைக் கலந்தார்கள், அதிலுள்ள சர்க்கரையும் புரதமும் பசையாகிவிடும்.

கார்த் தொழிற்சாலையில் ஒவ்வொரு வண்டிக்கும் கையால் எழுத நேரமில்லை. நல்ல பலகையைப் படம் பிடித்து, அதன் ரேகையை உலோகத் தட்டில் குழிகளாக அரித்தெடுத்தார்கள். குழியில் மை நிரப்பி, மேலே வழித்துவிட்டு, மெத்தென்ற உருளையைத் தட்டின்மேல் ஓட்டினால் மை உருளைக்கு ஏறும். அதை அடிக்கோட்டிங் போட்ட டாஷ்போர்டின்மேல் உருட்டினால் ரேகை இறங்கும். வளைந்த மூலைகளுக்கு உருளையும் வளையும். ரேகை எழுதிய ஒட்டுத்தாள்களும் இருந்தன. டை-நாக் என்ற அமெரிக்கப் பெயர் அதில் பிரபலம். கிரைஸ்லரின் டவுன் அண்ட் கன்ட்ரி வண்டியில் முதலில் இருந்த நிஜ மகாகனிப் பலகைகளின் இடத்தைப் பின்னால் அந்தத் தாளே பிடித்தது. ரோல்ஸ் ராய்ஸ் போன்ற வண்டிகள் மட்டும் நிஜ வால்நட்டை மெல்லிசாகச் சீவி ஒட்டும் வெனீரைக் கைவிடவில்லை.

நிஜ மரம் இருக்கும்போது போலியை ஏன் காப்பாற்ற வேண்டும், இரும்பின்மேல் வெனீரையே ஒட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நான் வேண்டாம் என்பேன். முதல் காரணம் நமது பருவம். மரம் ஈரத்தை வாங்கி விரியும், உலர்ந்து சுருங்கும். பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்போது தேக்கு வளையத்தை ஒட்டிய திசையில் ஏறக்குறைய 5 சதவீதமும் மையத்தை நோக்கிய திசையில் அதில் பாதியும் சுருங்கும். அசைவு குறைவென்று பெயர் வாங்கிய தேக்குக்கே இந்தக் கதி. இரும்பு ஈரத்துக்கு அசையாது. வெயிலுக்கு மட்டும், மீட்டருக்கு 50 டிகிரியில் அரை மில்லிமீட்டர் சொச்சம் நீளும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஊறி, சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் 70 டிகிரியைத் தாண்டும் டாஷ்போர்டில் அந்த வெனீர் எத்தனை ஆண்டு ஒட்டியிருக்கும்? இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். அந்த வண்டியில் மரம் ஒருபோதும் இருந்ததில்லை. பெயிண்ட்டால் எழுதிய ரேகைதான் அதன் மூலம். மரத்தை ஒட்டினால் வண்டி செழிப்பாகத் தெரியலாம், ஆனால் அதன் வரலாற்றைப் பொய்யாக்கிவிடுகிறோம். தஞ்சாவூர் ஓவியத்தில் பலாப்பலகை துணிக்கும் சுண்ணக் கலவைக்கும் அடியில் மறைந்து கிடந்து வேலை செய்கிறது. அதை வெளியே காட்ட வேண்டுமென்று யாரும் சுரண்டுவதில்லை. எது எங்கே எப்படி இருந்ததோ அதுதான் அந்தப் பொருளின் உண்மை.

இனி வேலையைக் கிட்ட நின்று பார்ப்போம்.

முதலில் மூலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். டாஷ்போர்டின் வெளிமுகம் எண்பது வருட வெயிலில் வெளுத்திருக்கும். கடிகாரத்தையும் வேகமானியையும் கழற்றினால், அவற்றின் விளிம்பு மூடியிருந்த விரற்கடை அகலத்தில் பழைய நிறம் வெயில் படாமல் அப்படியே இருக்கும். குளோவ் பாக்ஸ் கீல் மறைத்த இடமும் அப்படியே. சுரண்டுவதற்கு முன்னால் அந்த இடங்களைப் பகல் வெளிச்சத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுக்க வேண்டும். ரேகை எந்தத் திசையில் ஓடுகிறது, மூலையில் திரும்புகிறதா, இரண்டு துண்டாகப் பிரிந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். உருளையில் அச்சிட்டது என்பதால், எந்தத் தச்சராலும் செய்ய முடியாதபடி ரேகை மூலையோடு வளைந்து போயிருக்கலாம். அப்படி இருந்தால் அப்படியேதான் திரும்ப எழுத வேண்டும். அதைத் திருத்துவது நம் வேலை அல்ல.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டுகளில் 90 பிபிஎம்முக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். உலர் எமரி போட்டுத் தூசி கிளப்பக் கூடாது, தண்ணீர் எமரிதான். குழந்தைகள் நடமாடும் திண்ணையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

துரு எடுத்து, பிரைமர் போட்டு, 400 எமரியில் தேய்த்தபின் அடிக்கோட்டிங். இங்கேதான் பெரும்பாலான வேலை கெட்டுப்போகிறது: மரத்தின் சராசரி நிறத்தை அடியில் அடித்துவிடுகிறார்கள். மரத்தில் தெரியும் ஆக வெளிர்ந்த நிறத்தைத்தான் அடியில் போட வேண்டும், அதைவிட ஒரு படி வெளிர்ந்தாலும் குற்றமில்லை. கிளேஸ் அதைக் கருக்கிவிடும். அடி கருத்துவிட்டால் மீட்க வழியே இல்லை.

அது நன்றாகக் காய்ந்தபின் கிளேஸ். ஆளிவிதை எண்ணெய் கலந்த கிளேஸ் தண்ணீரைப் போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து இறுகுகிறது. அந்த இடைவேளைதான் கைக்குக் கிடைக்கும் நேரம். சூடு ஏற ஏற அந்த வேதிவினை விரைவதால், நம் பக்கத்தில் கோடையில் இந்த வேலைக்கு விடிகாலையே உகந்தது. மெல்லிசாகக் கிளேஸ் தடவி, காய்ந்த பிரஷ்ஷால் ஒரே திசையில் இழுத்தால் நார் ஓட்டம் விழும். கெட்டி ரப்பர்த் துண்டில் பல் வெட்டிய சீப்பால் இழுத்தால் நேர்ரேகை. சீப்பை லேசாக நடுங்கவிட வேண்டும், பல்லின் அகலமும் ஒன்றுபோல் இருக்கக் கூடாது, ஏனென்றால் மழை நன்றாகப் பெய்த வருடமும் பொய்த்த வருடமும் ஒரே வளையம் போடுவதில்லை. கோபுர வளைவுக்கு, வட்ட வட்டமாக வரம்பு எழுப்பிய வளைந்த ரப்பர்க் கருவி உண்டு. இழுத்துக்கொண்டே மணிக்கட்டை மெல்லச் சாய்த்தால், வரம்புகள் ஒவ்வொன்றாகப் பரப்பைத் தொட்டு விலகி, ஒன்றுக்குள் ஒன்றாக வளைவு விழும். கூம்பை வெட்டும் பலகையின் கணக்கை அந்தச் சாய்வு திருப்பிச் செய்கிறது. இதையே மூன்று முறை பக்கத்தில் பக்கத்தில் இழுத்தால் வேலை அம்பலமாகிவிடும்.

கிளேஸ் ஈரமாக இருக்கும்போதே நீண்ட மயிருள்ள பிரஷ்ஷைப் படுக்கவைத்துத் தட்டிக்கொண்டே போனால் குட்டிக் குட்டிக் கீற்றுகள் விழும். அவைதான் தண்ணீர்க் குழாய்களின் துளைகள். ரேகை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தத் துளை இல்லாத பரப்பு வழவழவென்று பிளாஸ்டிக்காகவே தெரியும். என் கணிப்பில் நல்ல வேலையையும் சுமாரான வேலையையும் பிரிப்பது இந்த ஒரு படிதான். ஒரு நாள் விட்டு, இன்னும் மெல்லிய இரண்டாவது கிளேஸை ஆங்காங்கே நிழல்போல் கொடுத்தால் ஆழம் கூடும். கடைசியாக, புறஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் வகை கிளியரில் ஐசோசயனேட் இருக்கும், நுரையீரலுக்குக் கேடு. அதற்கென்றே உள்ள சுவாசக் கவசம் இல்லாமல் ஸ்பிரே பிடிக்கக் கூடாது, கைக்குட்டை கட்டிக்கொள்வது பாதுகாப்பே அல்ல.

இவ்வளவு செய்தும் ஒன்று மட்டும் வராது. நிஜ மரத்தின் நார்கள் நுண்குழாய்கள். சாய்ந்திருக்கும் திசைக்கேற்ப ஒளியைத் திருப்புகின்றன. வீணைக் குடத்தை அசைத்தால் பளபளப்பு இடம் மாறுவது அதனால். பெயிண்டில் எழுதிய ரேகை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அசையாமல் நிற்கும். அது போலியின் எல்லை. அன்றைய தொழிற்சாலை வேலைக்கும் அதே எல்லைதான் என்பதால் நமக்கு அது குறையாகாது.

சுருக்கு வழிகளும் உண்டு. தண்ணீரில் முக்கியெடுக்கும் முறையில், பாலிவினைல் ஆல்கஹால் படலத்தில் அச்சிட்ட ரேகையை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிடுகிறார்கள். படலம் கரைந்து மை மட்டும் மிதக்கும்போது பொருளை மெல்ல அமிழ்த்தினால், தண்ணீரின் அழுத்தமே மையை எல்லா வளைவிலும் ஒட்டிவிடும். அலுமினியக் கதவு ஜன்னல்களில் இப்போது பார்க்கும் தேக்கு நிறம் வேறு முறை: பவுடர் கோட்டிங்கின்மேல் அச்சுத்தாளைச் சுற்றி, 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் சாயத்தை உள்ளே இறக்குவது. இரண்டுமே நேர்த்தியானவை. ஆனால் படலத்தையும் தாளையும் அச்சிடும் உருளை ஒரு சுற்று முடிந்ததும் ரேகை திரும்ப வரும், ஊரிலுள்ள இன்னொரு கதவிலும் அதே கணு இருக்கும். ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெயிலில் அதன் நெகிழ்வுப் பொருள் வெளியேறி, சுருங்கி, ஓரம் கிளம்பிவிடும்.

கையால் எழுதத் தெரிந்தவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். இரும்பு நிலைக்கும் கதவுக்கும் தேக்கு டிசைன் போடும் பெயிண்டர்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. மரத்தைப் பார்த்தே கற்ற கண் அவர்களுடையது. பழைய கார் வைத்திருப்பவர்கள் அவர்களைத் தேடிப் போவதில்லை. கார் வேலை என்றால் கார் பட்டறைதான் என்று நினைத்துவிடுகிறார்கள். கோயம்புத்தூர் ஜி.டி. கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பழைய வண்டிகளின் உட்புறத்தை ஒருமுறை அருகில் பார்த்துவிட்டு, உங்கள் ஊர்க் கதவு பெயிண்டரிடம் பேசுங்கள். டாஷ்போர்டை முதலிலேயே கொடுக்க வேண்டாம். குளோவ் பாக்ஸ் மூடியை மட்டும் கழற்றிக் கொடுங்கள், மறைவிடத்தில் தங்கிய பழைய நிறத்தின் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள், அவர் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். மூடி சரியாக வந்தால் மற்றதையும் அவரே எழுதட்டும்.